பகிடி யாருக்கு, வதை யாருக்கு?

ஊரவர்களுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம். பிள்ளை படிக்கும் வீட்டில் உம்மா, வாப்பா இரண்டு பேரும் வாசித்தால் நல்லது.

கடுகண்ணாவையின் வரலாறு என்றால் நாம் டோசன் கோபுரத்தைச் சொல்வோம். பாறையைக் குடைந்து போட்ட பாதையைச் சொல்வோம். 1867 இல் கண்டிக்கு ஓடத் தொடங்கிய ரயிலைச் சொல்வோம். வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் ரயில்வே நூதனசாலைக்குக் கூட்டிப் போவோம். அதே கண்டி வீதியில் பிலிமத்தலாவையைத் தாண்டினால் பேராதனை வந்துவிடும். அங்கே நடந்த ஒரு வரலாறும் நமக்கு உரியதுதான். நம் பிள்ளைகள் அங்கே படித்திருக்கிறார்கள், படிக்கிறார்கள், இன்னும் பலர் போக வேண்டும் என்று துஆ கேட்கிறோம். ஆனால் அந்த வரலாற்றை மட்டும் நாம் வீட்டில் பேசுவதில்லை. அது பகிடிவதையின் வரலாறு.

கெம்பஸ் விஷயத்தை ஒரு பாடசாலை ஆசிரியர் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தரம் 6 வகுப்பில் சிறிதாக நடப்பதுதான் அங்கே பெரிதாக நடக்கிறது என்பதற்காகவே பேசுகிறேன். இருபத்தொரு வயதில் ஒருவன் புதியவனை முழங்காலில் நிற்க வைக்கிறான் என்றால், அதை அவன் அன்றுதான் கற்றுக்கொண்டான் என்று நினைக்க முடியாது. அதே போல, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவர்களும் அன்றுதான் சும்மா நிற்கப் பழகியவர்கள் அல்ல.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் ‘பகிடிவதை’ என்கிறோம். பகிடி என்றால் வேடிக்கை. வதை என்றால் சித்திரவதை. ஒன்றோடொன்று சேரவே முடியாத இரண்டு சொற்களை ஒட்டி வைத்திருக்கிறோம். சிங்களத்தில் ‘நவக வதய’ என்கிறார்கள், புதிதாக வந்தவருக்குச் செய்யும் வதை என்று பொருள். அதில் பகிடிக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் ‘ரெக்’ என்றால் கேலி, குறும்பு. அதில் வதை இல்லை. நம்முடைய சொல்லில் மட்டும் இரண்டும் இருக்கின்றன. செய்பவனுக்கு அது பகிடி, படுபவனுக்கு அது வதை. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே காரியம் இருவருக்கும் இரண்டு விதமாக இருக்கிறது. பெரியவர்களாகிய நாம் எந்தப் பாதியைப் பார்க்கிறோம் என்பதில்தான் பிள்ளையின் தலைவிதி இருக்கிறது. இந்த வரலாறு முழுக்க, பெரியவர்கள் பகிடிப் பாதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வரலாறு.

இது நம் மண்ணில் முளைத்த பழக்கம் அல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் சின்ன மாணவர்கள் பெரிய மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. சப்பாத்துத் துடைப்பது, அறையைக் கூட்டுவது, தேநீர் போடுவது. மறுத்தால் அடி. 1857 இல் தோமஸ் ஹியூஸ் எழுதிய ‘டொம் பிரவுனின் பாடசாலை நாட்கள்’ என்ற கதை ரக்பி பாடசாலையில் நடப்பது. அதில் பெரிய மாணவர்கள் சின்ன மாணவனை நெருப்புக்கு முன்னால் பிடித்து வாட்டுகிற காட்சி வருகிறது. அந்தக் காலத்துப் பெற்றோருக்கு இவை தெரியாமல் இல்லை. ‘பையன் உறுதியாக வளர்வான்’ என்று சொன்னார்கள். பேரரசை ஆளப் போகிறவன் கொஞ்சம் அடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. விடுதி, இல்லம், மாணவர் தலைவர் என்ற அந்த அமைப்பு முழுவதும் பிறகு காலனி நாடுகளுக்கு ஏற்றுமதியானது. நல்லதும் வந்தது, கூடவே இதுவும் வந்தது.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர்கள் எல்லோரும் விடுதிகளில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றை மகாவலிக் கரையில் கட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தார்கள். 1954 ஏப்ரலில், எலிசபெத் மகாராணி வந்திருந்தபோது, முறைப்படி திறந்து வைத்தார்கள். அன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் படித்த வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். புதியவரைப் பாட்டுப் பாடச் சொல்வது, கோமாளித்தனம் பண்ணச் சொல்வது என்று ஆரம்பத்தில் இலேசாகத்தான் இருந்தது என்று அக்காலத்தவர்கள் சொல்வார்கள்.

பிறகு நாடு மாறியது. 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பலனாகக் கிராமத்துப் பிள்ளைகள் உயர்தரம் வரை வந்தார்கள். 1960 முதல் சிங்களத்திலும் தமிழிலும் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் வரத் தொடங்கினார்கள். இது பெரிய புரட்சி. நம் ஊரில் முதல் பட்டதாரியைக் கண்ட வீடுகள் எல்லாம் இந்தக் கதவு திறந்ததால்தான் கண்டன. ஆனால் அதே காலத்தில் பகிடிவதையின் முகமும் மாறியது. ‘பணக்காரன் ஏழை என்ற வித்தியாசத்தை அழிக்கிறோம், எல்லோரையும் சமப்படுத்துகிறோம்’ என்ற புதிய நியாயம் பிறந்தது. என்ன உடுக்க வேண்டும், எந்தப் பாதையால் நடக்க வேண்டும், யாரோடு பேசலாம் என்று மூத்தவர்கள் உத்தரவு போட்டார்கள். உம்மா வாப்பா வைத்த பெயரை எடுத்துவிட்டு ‘கார்ட்’ என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். வாயால் சொல்ல முடியாத பெயர்களும் அவற்றில் உண்டு.

சமப்படுத்துகிறோம் என்ற இந்த நியாயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் இருந்தோ கிராமத்தில் இருந்தோ வந்த ஏழைப் பிள்ளைக்கு, இன்னொருவன் காலடியில் உட்கார வைத்து என்ன சமத்துவத்தைக் கொடுக்க முடியும்? வசதியுள்ள பிள்ளைக்கு வீட்டுக்குப் போக வழி உண்டு, வெளிநாட்டில் படிக்கவும் வழி உண்டு. ஏழைப் பிள்ளைக்கு இந்த ஒரு கதவுதான். அதனால் அதிகம் பொறுத்துக்கொண்டதும் அதிகம் இழந்ததும் ஏழைப் பிள்ளைதான்.

1974 இல் வித்யாலங்கார வளாகத்தில், இன்றைய களனிப் பல்கலைக்கழகத்தில், பயிற்சிக்கு வந்த கணித ஆசிரியர்களைக் கொடுமைப்படுத்திய சம்பவம் நாட்டை உலுக்கியது. ஆசிரியர்களுக்கே நடந்தது என்பதைக் கவனியுங்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் குலரத்ன என்பவரின் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைத்தது. அந்தக் காலத்துக் கல்வி அமைச்சர் யார் தெரியுமா? நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரிந்த, கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத். பன்னிரண்டு மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பத்திரிகைகள் எழுதின, பெரியவர்கள் கண்டித்தார்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1975 இல், பேராதனையில் இராமநாதன் விடுதியில் அந்தச் சம்பவம் நடந்தது. விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலிக்கு 22 வயது. மூத்த மாணவிகளின் கொடுமையில் இருந்து தப்புவதற்காக இரண்டாம் மாடியில் இருந்து குதித்தார். உயிர் தப்பியது, உடல் செயலிழந்தது. அதற்குப் பிறகு 27 வருடம் அப்படியே வாழ்ந்தார். 2002 இல் அவர் தானாகவே தன் வாழ்வை முடித்துக்கொண்டார். கொடுமை செய்த மாணவிகளுக்கு அது ஒரு மாலை நேரத்துப் பகிடி. அந்தப் பெண்ணுக்கு அது 27 வருடம்.

அந்தச் சம்பவத்தோடாவது சட்டம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்து மூன்று வருடம் எடுத்தது. 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் முதலாம் வருட மாணவர் வரப்பிரகாஷ், வயது 21, கடுமையான பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தார். அதே ஆண்டில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஒரு மாணவர் அதே விதமாகவே இறந்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்ய வைத்தால் தசைகள் சிதையும். சிதைந்த தசையில் இருந்து வெளியேறுவது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வெளியில் ஒரு கீறலும் இருக்காது. ‘அடிக்கவே இல்லையே, குந்தி எழும்பத்தானே சொன்னோம்’ என்று சொல்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அதே காலம், அதே கதை. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மருத்துவ மாணவர் நாவரசுவை மூத்த மாணவர் ஒருவர் கொலை செய்தார். நாவரசுவின் தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனையே விடுதி காப்பாற்றவில்லை என்றதும் தமிழ்நாடு அதிர்ந்தது. 1997 இல் அங்கே சட்டம் வந்தது. 1998 இல் இங்கே வந்தது. இரண்டு இடத்திலும் சட்டம் மையத்து வீட்டின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

நமது சட்டம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம். கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வகையான வன்முறைகளையும் தடை செய்யும் சட்டம். இதில் நம் பெற்றோர் பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, இது கெம்பஸுக்கு மட்டுமான சட்டம் அல்ல. கல்வி நிறுவனம் என்பதில் அரச பாடசாலைகளும் வேறு பாடசாலைகளும் பிரிவெனாக்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் ஆசிரியர் கலாசாலைகளும் அடங்கும். சம்பவம் மதிலுக்கு உள்ளே நடந்தாலும் சரி, வெளியே நடந்தாலும் சரி. இரண்டு, காயம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உடலுக்கோ உள்ளத்துக்கோ பாதிப்பை, மன வேதனையை, அல்லது பயத்தை உண்டாக்கும், உண்டாக்கக் கூடிய எந்தச் செயலும் பகிடிவதைதான். தண்டனை இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை.

பாருங்கள், சட்டம் படுபவரின் பக்கத்தில் நின்று பார்க்கிறது. செய்பவன் ‘பகிடிக்குத்தான் செய்தேன்’ என்று சொல்லி இதில் இருந்து தப்ப முடியாது. படுபவருக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

சட்டம் வந்தது. நின்றதா? இல்லை. 2002 நவம்பரில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் சமந்த விதானகே என்ற மூன்றாம் வருட மாணவர் கொல்லப்பட்டார். அவர் புதியவரும் அல்ல, பகிடிவதை செய்தவரும் அல்ல. பகிடிவதை வேண்டாம் என்று இயக்கம் நடத்தியவர். 2020 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தில், படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட டயர் தலையில் அடித்து ஒரு மாணவர் உயிருக்குப் போராடினார். 2025 ஏப்ரலில் சப்ரகமுவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார், பகிடிவதையே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிலர் கைதானார்கள்.

சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? பிள்ளைகள் ஏன் முறையிடவில்லை? பயந்தாங்கொள்ளிகள் என்பதாலா? இல்லை. அடிக்குப் பயந்து வாய் மூடியவர்களை விட, தனிமைக்குப் பயந்து வாய் மூடியவர்கள் அதிகம். பகிடிவதைக்கு மறுத்தவரோடு சொந்த பெட்ச்காரர்களே பேசக் கூடாது என்பது விதி. அவருக்குக் குறிப்புகள் கிடைக்காது. மூத்தவர்கள் நடத்தும் ‘குப்பி’ வகுப்பில் இடம் கிடைக்காது. விளையாட்டு அணியில், சங்கத்தில், கென்டீன் மேசையில் இடம் கிடைக்காது. நான்கு வருடம் யாரும் இல்லாமல் நடப்பதை விட நான்கு மாதம் பொறுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. பொறுத்துக்கொண்டவன் அடுத்த வருடம் மூத்தவன் ஆகிறான். தான் பட்ட கடனைத் தனக்குத் தராதவனிடம் வசூலிக்கிறான். இந்தச் சக்கரம் சுற்றுவதற்கு ஒரு சில கொடியவர்கள் போதும், மற்றவர்கள் சும்மா இருந்தாலே நடக்கும்.

இதைப் பாடசாலை மட்டத்தில் முதலில் கண்டுபிடித்தவர்கள் வட ஐரோப்பியர்கள். 1969 இல் சுவீடனில் பீட்டர் பவுல் ஹைனமன் என்ற வைத்தியர், பாடசாலை முற்றத்தில் ஒரு கூட்டம் தனிப் பிள்ளை ஒன்றின் மேல் பாய்வதைப் பற்றி எழுதினார். அவருடைய வளர்ப்பு மகன் கறுப்பு நிறத்தவன், நிறத்துக்காகவே வதைபட்டவன். 1970களில் டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் அதை முறையாக ஆராய்ந்தார். ஆனால் அரசாங்கம் அசையவில்லை. 1982 இன் இறுதியில் வட நோர்வேயில் பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதுள்ள மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகே, 1983 இல் நாடு முழுக்கப் பாடசாலைகளில் வேலைத்திட்டம் தொடங்கியது. அங்கும் மையத்து வீட்டின் வழியாகத்தான்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. பேர்கன் நகரத்தில் 42 பாடசாலைகளில் சுமார் 2,500 பிள்ளைகளை ஒல்வேயஸ் தொடர்ந்து கவனித்தார். ஆசிரியர்கள் இடைவேளையில் முற்றத்தில் நின்றார்கள். வகுப்பில் தெளிவான விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதினார்கள். செய்த பிள்ளை, பட்ட பிள்ளை, இருவரின் பெற்றோர் என்று எல்லோரோடும் பேசினார்கள். இரண்டு வருடத்தில் கொடுமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பிறகு பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற ஆய்வாளர் சுற்றி நிற்கும் பிள்ளைகளைக் கவனித்தார். ஒரு பிள்ளை அடிக்கும்போது சிலர் சேர்ந்து அடிக்கிறார்கள், சிலர் சிரித்து ஊக்கம் கொடுக்கிறார்கள், சிலர் ஒதுங்குகிறார்கள், சிலர் பட்டவரின் பக்கம் போகிறார்கள் என்று 1996 இல் எழுதினார். செய்பவனை மாற்றுவது கஷ்டம். சிரிப்பவர்களை மாற்றுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. சிரிப்பு நின்றால் செய்பவனுக்குச் சபை இல்லை. பின்லாந்துப் பாடசாலைகளின் வேலைத்திட்டம் இதன் மேல்தான் கட்டப்பட்டது.

இது எங்கோ தூரத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2019 இல் யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கின்படி உலகத்தில் கிட்டத்தட்ட மூன்று மாணவருக்கு ஒருவர், ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது சக மாணவரால் கொடுமைப்படுத்தப்பட்டவர். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால் பத்துப் பிள்ளைகள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பிள்ளைக்கு மூன்று வாசல்கள் உண்டு. புலமைப்பரிசிலில் சித்தியடைந்து தரம் 6 க்குக் கண்டிப் பக்கத்துப் பெரிய பாடசாலைக்குப் போவது முதல் வாசல். சாதாரண தரத்துக்குப் பிறகு உயர்தரத்துக்குப் பாடசாலை மாறுவது இரண்டாம் வாசல். கெம்பஸ் மூன்றாம் வாசல். மூன்றிலும் பிள்ளை ‘நவகன்’தான், புதியவன்தான். நாம் மூன்றாம் வாசலுக்கு மட்டும் பயப்படுகிறோம். பதினொரு வயதுப் பிள்ளை, விடியற்காலையில் பஸ்ஸில் நெரிபட்டுப் போய், தெரியாத முகங்களுக்கு நடுவில் தனியாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாரம் கூட. 2018 மார்ச்சில் திகனையில் நடந்ததும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்ததும் பெரியவர்களின் விஷயம். ஆனால் அதன் சொற்கள் பிள்ளைகளின் காதுக்கும் வாய்க்கும் வந்தன. வேறு சமூகத்துப் பிள்ளைகளோடு படிக்கும் நம் பிள்ளை, தான் செய்யாத ஒன்றுக்காக ஒரு பெயரைக் கேட்க நேர்ந்தது. அந்தப் பெயரைச் சொன்ன பிள்ளையும் பிள்ளைதான், வீட்டில் கேட்டதைச் சொன்னது. இதைத் தனியாகத் தாங்கு என்று பதினொரு வயதிடம் சொல்ல முடியாது. வகுப்பாசிரியரிடம் போய் அமைதியாகப் பேச வேண்டும். பெரும்பாலான சிங்கள, தமிழ் ஆசிரியர்கள் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள்.

அதே நேரம் நம் சொந்தப் பாடசாலைகளையும் பார்ப்போம். அங்கே எல்லோரும் முஸ்லிம் பிள்ளைகள்தானே, பிரச்சினை இல்லை என்று நினைப்பது தவறு. கறுப்பாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு பெயர். குண்டாக இருந்தால் ஒரு பெயர். திக்கிப் பேசினால் அதைப் போலச் செய்து காட்டுவது. வாப்பா இல்லாத பிள்ளையிடம் வாப்பாவைப் பற்றிக் கேட்பது. உம்மா வெளிநாட்டில் வேலை செய்தால் அதற்கு ஒரு கதை. இப்போது வட்ஸ்அப் குரூப்பும் சேர்ந்துவிட்டது. முன்பு மணி அடித்தால் கேலி முடிந்தது, பிள்ளை வீட்டுக்கு வந்து மூச்சு விட்டது. இப்போது ஒரு பிள்ளையின் படத்துக்கு மீசை வரைந்து இரவு பத்து மணிக்கு அனுப்புகிறார்கள், அறுபது பேர் சிரிக்கிற அடையாளம் போடுகிறார்கள்.

அல்லாஹ் இதை மிகத் தெளிவாகத் தடுத்திருக்கிறான். சூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆம் வசனம் கேலி செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் பெயர் சொல்லி விலக்குகிறது. ஆண்களுக்கும் தனியாக, பெண்களுக்கும் தனியாக. அபூதர் (ரழி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, நபி (ஸல்) அவர்கள் அதை அறியாமைக் காலத்துக் குணம் என்று கண்டித்தார்கள். ஸஹாபியாக இருந்தும் கண்டித்தார்கள், பகிடிதானே என்று விடவில்லை. நாம் இந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்ய வைக்கிறோம். வீட்டில் மச்சானையும் பக்கத்து வீட்டாரையும் பட்டப்பெயரில் கூப்பிட்டுச் சிரிக்கிறோம். பிள்ளை இரண்டையும் கேட்கிறது.

இந்த வரலாற்றில் இருந்து நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘யாராவது அடிச்சாங்களா?’ என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். ‘இன்டர்வெல்லுக்கு யாரோட சாப்பிட்டீங்க மகன்?’ ‘பஸ்ஸில பக்கத்தில யார் இருந்தது மகள்?’ என்று கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ‘யாரும் இல்லை’ என்று வந்தால் அது செய்தி. காலையில் வயிற்று வலி, கொப்பி தொலைவது, கொடுத்த காசு காணாமல் போவது, போன் வந்தால் முகம் மாறுவது எல்லாம் செய்திதான்.

பிள்ளை சொன்னால் முழுதாகக் கேளுங்கள். ‘பொறுத்துக்கோ’ என்றும் சொல்ல வேண்டாம், ‘நீயும் திருப்பி அடி’ என்றும் சொல்ல வேண்டாம். பொறுத்துக்கொள் என்ற சொல்தான் இராமநாதன் விடுதி வரைக்கும் வந்தது. திருப்பி அடி என்பது அந்தச் சக்கரத்துக்கு இன்னொரு ஆளைச் சேர்ப்பது. ‘சொன்னது நல்லது. இது உங்கட பிழை இல்லை. நாம் சேர்ந்து பார்ப்போம்’ என்ற மூன்று வசனம் போதும். என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் அடுத்த நாள் காலையில் பாடசாலை வாசலில் சத்தம் போட்டால், இனிமேல் பிள்ளை வாய் திறக்காது.

திகதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். போனில் வந்ததை அழிக்காமல் வையுங்கள். முதலில் வகுப்பாசிரியர், பிறகு அதிபர், பிறகு வலயக் கல்விப் பணிமனை. பாரதூரமானால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் பேசலாம். பிள்ளை ‘உயிரோடு இருக்க விருப்பம் இல்லை’ என்ற மாதிரி ஒரு வார்த்தை பேசினால் அதைப் பகிடியாக எடுக்கவே வேண்டாம். தனியாக விடாமல் கூட இருந்து, அன்றே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

உங்கள் பிள்ளைதான் செய்தது என்று யாராவது வந்து சொன்னால், அந்த வீட்டாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பிள்ளையை அடித்து நொறுக்கவும் வேண்டாம். அடித்தால், பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் படிக்கும். ஆசிரியர்களுக்கும் இதே சட்டம். பாடசாலைகளில் அடிக்கக் கூடாது என்று 2005 இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது. செய்த பிள்ளை போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று நாம் திரும்பப் பார்க்க வேண்டும்.

சும்மா நிற்கும் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். பாய்ந்து தடுக்கச் சொல்ல வேண்டாம், அது எல்லாப் பிள்ளைக்கும் முடியாது. சிரிக்காமல் இருக்க முடியும். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார முடியும். ‘வாங்க, எங்களோட சாப்பிடுங்க’ என்று சொல்ல முடியும். குரூப்பில் அந்தச் சிரிப்பு அடையாளத்தைப் போடாமல் இருக்க முடியும்.

பழைய மாணவர்களுக்கும், இப்போது கெம்பஸில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பட்டதை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் வீரக் கதையாகச் சொல்ல வேண்டாம். ‘நாங்க பட்டோம், நீங்களும் படுவீங்க’ என்ற ஒரு வசனம், உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளையின் மனதில் என்ன செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பதிலாக உங்கள் போன் இலக்கத்தைக் கொடுங்கள். முதல் வாரம் கூடப் போங்கள். மறுத்தவரோடும் பேசுவேன் என்று சொல்லுங்கள். பேராதனையில் எழுபது வருடத்துக்கு மேலாகச் சுற்றும் சக்கரத்தை ஒருவர் நிறுத்த முடியாது. ஆனால் நம் ஊரில் இருந்து போகும் ஒரு பிள்ளைக்குத் தனிமை இல்லாமல் செய்யலாம். தனிமை இல்லாத பிள்ளையிடம் அந்தச் சக்கரத்துக்கு அவ்வளவு பலம் இல்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பவர்களிடம் ஒரு யோசனை. வருட ஆரம்பத்தில் தரம் 6 க்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தரம் 8, 9 இல் இருந்து ஒரு நானாவை, ஒரு ராத்தாவை முதல் தவணைக்குப் பொறுப்பாக வைப்போம். இன்டர்வெல்லுக்குத் தேடி வருவது, கழிப்பறை எங்கே என்று காட்டுவது, பஸ்ஸில் கூட வருவது, இவ்வளவுதான் வேலை. காசு தேவையில்லை. வேறு பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதே பாடசாலையில் படிக்கும் ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். விருப்பமுள்ள பெற்றோர் கீழே எழுதுங்கள், அல்லது மக்ரிபுக்குப் பிறகு நேரில் பேசுவோம். பிள்ளைகளின் பெயரைக் கீழே போட வேண்டாம்.